குப்பை வண்டி ஏன் வந்த தெருவிலேயே திரும்ப வருகிறது?

குப்பை வண்டிகளுக்குத் தடம் போட்டுக் கொடுப்பது என் வேலை. "மேப்பில் குறுக்கு வழி பார்த்துப் போட்டால் முடிந்ததே" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒருநாள் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்காரும்வரை. குப்பை அள்ளாமல் வெறுமனே ஓடும் தூரத்தை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். பாதி வேலை முடிவதற்குள் பக்கம் நிரம்பிவிட்டது.

கூரியர்காரருக்குச் சில வாசல்கள்தான். குப்பை வண்டிக்கோ எல்லாத் தெருவும் வேண்டும். கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும் தலா ஒரு முறை மட்டும் கடந்து வர முடியாது என்று 1736இல் கணிதவியலாளர் ஆய்லர் காட்டினாரே, அதே சிக்கல்தான் இதுவும். மூன்று தெரு கூடும் முனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வந்து இன்னொன்றில் போகிறோம். மூன்றாவதில் திரும்பி வந்தால் வெளியேறப் புதுத் தெரு கிடையாது. ஏதோ ஒன்றில் மறுபடி ஓடியே ஆக வேண்டும். எதில் ஓடினால் நஷ்டம் குறைவு என்பதை 1960இல் சீனக் கணிதவியலாளர் குவான் மெய்கோ ஆராய்ந்தார். 'சீனத் தபால்காரர் கணக்கு' என்று அதற்குப் பெயர்.

கையால் போடுவதென்றால் ஒற்றைப்படையில் தெருக்கள் கூடும் முனைகளைச் சிவப்பில் வட்டமிடுவேன். மொத்த வட்டங்கள் எப்போதும் இரட்டைப்படையில்தான் வரும். பக்கத்துப் பக்கத்து வட்டங்களை ஜோடி சேர்த்தால், இடையில் இருக்கும் குட்டித் தெருக்கள்தான் இரண்டாம் முறை ஓட வேண்டியவை. ஒருவழிப் பாதைகள் நுழைந்தால் கணக்கு இன்னும் முரண்டு பிடிக்கும், அங்கே சாஃப்ட்வேர் வேண்டும்.

ஆனால் சாஃப்ட்வேருக்குச் சொல்லாவிட்டால் சிலது தெரியாது. அகலமான சாலையில் இரு பக்கமும் ஒரே ஓட்டத்தில் அள்ளச் சொல்லும். குறுக்கே ஓடுவது தொழிலாளி. முட்டுச்சந்துக்குள் வண்டியை விட்டு ரிவர்ஸில் எடுக்கச் சொல்லும். பின்னால் ஆள் நிற்கும் வண்டியை ரிவர்ஸ் எடுப்பதைப் போல ஆபத்தான காரியம் இந்தத் தொழிலில் குறைவு. வண்டியை முனையில் நிறுத்தி, தொட்டிகளைத் தள்ளிக்கொண்டு வருவதே மேல். மேட்டுத் தெருவா? ஏறி முடித்து, இறங்கும்போது அள்ளலாம்.

அப்புறம் எடை. மழை நாளில் ஈரக் குப்பை, இடம் நிறையும் முன்னே எடை வரம்பைத் தொட்டுவிடும். அதனால் வண்டி நிறையும் இடம் குப்பை கொட்டும் கிடங்குக்குக் கிட்டத்தில் அமையும்படி தெருக்களை வரிசைப்படுத்துவேன்.

புதுத் தடத்தை இப்போதெல்லாம் பென்சிலோடு சேர்த்து டிரைவரிடம் நீட்டுகிறேன். போன முறை ஒரு திருப்பத்தை அடித்தே விட்டார். "இங்கே கரெண்டு கம்பம் நிக்குது சார், வண்டியோட பின்பக்கம் இடிக்கும்." மேப்பில் கம்பம் இல்லை.