ஐ7னு எழுதியிருந்தா மட்டும் பத்தாது, முழு நம்பரைக் கேளுங்க

கம்ப்யூட்டர் மெதுவா இருக்குன்னு இந்த மாசத்துல மட்டும் மூணு கேஸ். என் சர்வீஸ் கடையை அடைச்சிட்டு நேரா உக்காந்து எழுதுறேன், கோவம் ஆறுறதுக்குள்ள எழுதிரணும்னு.

தங்கச்சிமடத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்குற ஒரு அக்கா. ஆன்லைன் விண்ணப்பம், பான் கார்டு, பட்டா சிட்டா, ஸ்கேன் பண்ணி அப்லோடு பண்றது, இதுதான் அவங்க பிழைப்பு. மகளிர் குழுவுல லோன் எடுத்து 18,000 ரூபாய்க்கு ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்கியிருக்காங்க. "தம்பி, நான் ஐ7 வாங்கிருக்கேன், எதுத்த கடையில வெறும் ஐ3தான், ஆனா அவுக மூணு பேரை முடிச்சு அனுப்புறதுக்குள்ள எனக்கு ஒருத்தருக்கே முடிய மாட்டேங்குது, வைரஸ் ஏறிருச்சா பாருங்க"ன்னு போன் பண்ணாங்க. பஸ் ஏறிப் போய்ப் பார்த்தா உள்ள இருக்குறது ஐ7-2600. 2011 ஜனவரியில வந்த இன்டெல் ப்ராசசர் (கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி இருக்குற சிப்). எதுத்த கடையில இருக்குறது ஐ3-12100, அது 2022 ஜனவரியில வந்தது. வைரஸ் ஒண்ணும் இல்லக்கா, உங்களை ஏமாத்தி விட்டுட்டாங்கன்னு எப்படிச் சொல்றது, குழு லோன் இன்னும் பத்து தவணை இருக்கு.

இதைத்தான் வருஷக்கணக்கா வாய் வலிக்கச் சொல்லிட்டு இருக்கேன், இன்னொரு தடவை சொல்றேன். ஐ3, ஐ5, ஐ7ல வர்ற 3, 5, 7ங்கறது அந்தந்த தலைமுறைக்குள்ள (ஒரே காலத்துல வந்த செட்டுக்குள்ள) மட்டும் செல்லுற வரிசை. ரெண்டாப்புல முதல் ரேங்க் எடுத்த பையனும் பன்னெண்டாப்புல சுமாராப் படிக்கிற பையனும் ஒரே கணக்குப் பேப்பரை எழுதுனா யாரு முதல்ல முடிப்பா? ஐ7-2600 ரெண்டாவது தலைமுறை, ஐ3-12100 பன்னெண்டாவது தலைமுறை. ரெண்டுலயும் 4 கோர் (வேலை பார்க்குற பகுதி), 8 த்ரெட் (ஒரே நேரத்துல எடுக்குற வேலை வரிசை), அதுல வித்தியாசமே கிடையாது. கிகாஹெர்ட்ஸ் பார்த்தா பழசுல 3.4, புதுசுல 3.3, அப்ப பழசுதானே வேகம்னு விக்கிறவன் சொல்லுவான், நீங்களும் தலையாட்டுவீங்க. டர்போவுல, அதாவது முறுக்கி ஓடுறப்ப, பழசு 3.8 வரைக்கும்தான் போகும், புதுசு 4.3 போகும், அது கூட பெரிய விஷயம் இல்ல, ஒரு கிகாஹெர்ட்ஸ்ல எவ்வளவு வேலை முடியுதுங்கறதுதான் விஷயம், அங்கதான் புது ஐ3 தூக்கிச் சாப்பிட்டுருது. ஒரே ஒரு கோர்ல ஓடுற வேலையை வச்சுப் பார்த்தா புதுசு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இதுல கரண்டு வேற, பழசு 95 வாட் ரகம், புதுசு 60 வாட் ரகம்.

அதனால "ஐ7ங்க"ன்னு யாராவது சொன்னா அதோட விடாதீங்க, பின்னாடி உள்ள நம்பரைக் கேளுங்க. டெஸ்க்டாப் ப்ராசசர்ல நாலு இலக்கமா இருந்தா முதல் எண்தான் தலைமுறை, 2600னா ரெண்டு, 8400னா எட்டு. அஞ்சு இலக்கமா இருந்தா முதல் ரெண்டு எண், 12400னா பன்னெண்டு. மூணே இலக்கம்னா அது அதுக்கும் முந்தினது, தொடவே வேண்டாம். ஏஎம்டி கம்பெனியோட ரைசன்ல இந்தக் கணக்கை அப்படியே போட்றாதீங்க, 3400ஜியும் 3600ம் ரெண்டும் 3ல ஆரம்பிச்சாலும் உள்ள இருக்குற டிசைன் வேற வேற. இன்டெல்லயே கோர் அல்ட்ரான்னு வர்ற புதுசுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

விண்டோஸ் விஷயத்தையும் இதோட சேர்த்துச் சொல்லிடுறேன். விண்டோஸ் 10க்கு வழக்கமா வர்ற சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிருச்சு. விண்டோஸ் 11க்கு இன்டெல்ல, ஒரு சில மாடலைத் தவிர, எட்டாவது தலைமுறையில இருந்துதான் லிஸ்ட்ல இருக்கு. பழசுல குறுக்கு வழியில ஏத்திக் குடுக்குறாங்க, ஏறும், ஓடவும் செய்யும், ஆனா அப்டேட் கண்டிப்பா வரும்னு மைக்ரோசாஃப்டே உத்தரவாதம் தரல. நாலு பேர் ஆதார் நகலையும் பேங்க் பாஸ்புக்கையும் வாங்கி வைக்கிற கடைக்கு அந்த மெஷின் சரிப்படுமா, நீங்களே யோசிங்க.

ரெண்டாவது கேஸ் கீழக்கரை ஸ்டுடியோ. அந்தக் காக்கா (அங்க அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க) விவரமானவர், நம்பரெல்லாம் பார்த்துதான் வாங்கியிருக்கார். ரெண்டு மெஷின்லயும் ஐ5-12400, ரெண்டுலயும் 16 ஜிபி. ஒண்ணு பெரிய டவர், இன்னொண்ணு மெல்லிசான குட்டிப் பெட்டி. ஒரே கல்யாண வீடியோவை ரெண்டுலயும் எக்ஸ்போர்ட் (எடிட் முடிச்சு ஃபைலா எடுக்குறது) போட்டா குட்டிப் பெட்டி எப்பவும் பின்னாடிதான் வருது. மெஷின் வித்த கடைக்காரன் பெஞ்ச்மார்க் (வேகத்தை அளக்குற டெஸ்ட்) ஓட்டிக் காட்டுனப்ப ரெண்டும் ஒரே ஸ்கோராம். ஒரே ஸ்கோர்தான் வரும், ஏன்னா அந்த டெஸ்ட் அரை நிமிஷத்துல முடிஞ்சிருது. இந்த ப்ராசசர் கொஞ்ச நேரத்துக்கு 117 வாட் வரைக்கும் இழுத்து ஓடும், அப்புறம் பெட்டியோட செட்டிங்கும் சூடும் விடுற அளவுக்குத்தான் ஓடும், குட்டிப் பெட்டியில அது 65 வாட்டுக்கே இறங்கிரும். வல்லத்துல (மீன்பிடிப் படகுல) கரையை விட்டுக் கிளம்புறப்ப எஞ்சினை முறுக்குறது வேற, கச்சான் காத்தை (மேற்குக் காத்தை) எதுத்து மூணு மணி நேரம் ஓட்டுறது வேற. கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட்டுங்கறது மூணு மணி நேர ஓட்டம்.

அதோட விடல. குட்டிப் பெட்டியைத் திறந்தா ஹீட்சிங்க் (சூட்டை வெளியேத்துற தகடு) இடுக்கெல்லாம் தூசியும் உப்பும் சேர்ந்து கருவாட்டு மேல படிஞ்ச மாதிரி கெட்டியா நிக்குது. ஜன்னலுக்கு நேரா வச்சிருக்காங்க. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் தூசியை இழுக்கும், அப்புறம் ஃபேன் சுத்துனாலும் காத்து உள்ள போகாது. 1914ல திறந்த பாம்பன் ரயில் பாலத்துல 2022 டிசம்பரோட ரயிலை நிறுத்திட்டாங்க, அவ்வளவு பெரிய இரும்பையே இந்தக் காத்து அரிச்சிருச்சு, இந்த மெல்லிசு அலுமினியத் தகடு எம்மாத்திரம். கழட்டிச் சுத்தம் பண்ணி ப்ராசசர் மேல தடவுற பேஸ்டை மாத்தி வச்சதும் அதே மெஷின், அதே ஃபைல், பாதிக்குப் பாதி இல்லன்னாலும் நல்லாவே நேரம் குறைஞ்சிச்சு. மதுரையிலயோ சென்னையிலயோ ஏசி ரூம்ல வச்சு எடுத்த ரிவ்யூ வீடியோவைப் பார்த்துட்டு நம்ம ஊர் மே மாசத்துக்கு மாடல் முடிவு பண்ணாதீங்க, தயவு செஞ்சு.

இன்னொண்ணு, உப்புக்காத்து படக்கூடாதுன்னு துணிக்கவர் தைச்சுப் போடுறாங்க, நல்லதுதான், ஆனா மெஷின் ஓடிட்டு இருக்குறப்பவும் அதைக் கழட்ட மாட்டேங்குறாங்க! ஓடும்போது கவர் வேணாம். கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கீங்கன்னா மூணு மாசத்துக்கு ஒருக்கா திறந்து ஊதி விடுங்க. மீன்பிடித் தடைக்காலத்துல மீன் கம்பெனியைப் பூட்டிட்டுப் போறவங்க வாரத்துல ரெண்டு நாளாவது ஆன் பண்ணி ஒரு மணி நேரம் ஓட விடுங்க, சும்மாவே கிடந்தா ரேம் கால்ல பச்சை பூத்துரும்.

மூணாவது ஒரு மிளகாய் மண்டி, ராமநாதபுரத்துலயே. டேலி (கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்) மெதுவா இருக்குன்னு 8 ஜிபி ரேமை 32 ஆக்கிருக்காங்க, பத்து பைசா பிரயோஜனம் இல்ல. டேட்டா பக்கத்து ரூம் மெஷின்ல பழைய ஹார்ட் டிஸ்க்ல இருக்கு, நடுவுல ரெண்டு மெஷினையும் இணைக்குற 100 எம்பிபிஎஸ் நெட்வொர்க் சுவிட்ச், அது என்ன தலைகீழா நின்னாலும் செகண்டுக்கு 12 எம்பிக்கு மேல தள்ளாது. டேட்டாவை எஸ்எஸ்டிக்கு (ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான டிஸ்க்) மாத்தி ஜிகாபிட் சுவிட்ச் போட்டேன், முடிஞ்சிச்சு. ரேமைக் கூட்டுறதுக்கு முன்னாடி டாஸ்க் மேனேஜரை ஒரு தடவை திறந்து பாருங்கப்பா, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குனா வந்துரும். மெமரியில இடம் மிச்சம் இருந்து டிஸ்க் மட்டும் 100 சதவீதத்துல நின்னுச்சுன்னா ரேம் மேல குத்தம் இல்ல. அதே இடத்துல மெமரியில ஸ்லாட் எத்தனை பயன்படுதுன்னும் இருக்கும், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின்ல ஒத்தை 16 ஜிபியை விட ரெண்டு 8 ஜிபி போட்டா படம், வீடியோ வேலை சுருக்கா நடக்கும்.

வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. உங்க வேலையை ஒரு பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போங்க. ஸ்டுடியோன்னா ஒரு முழு வீடியோ, கணக்குன்னா ஒரு வருஷ டேட்டா, ஜெராக்ஸ் கடைன்னா 40 பக்க ஸ்கேன். ரெண்டு மாடல்லயும் அதையே ஓட்டச் சொல்லி போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சு மூணு தடவை பாருங்க, முதல் தடவை எப்பவும் கொஞ்சம் கூடத்தான் வரும், அதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. எக்ஸ்போர்ட் மாதிரி வேலைன்னா 20 நிமிஷமாவது விடாம ஓடணும். கடைக்காரர் ஏசியை ஆஃப் பண்ண மாட்டார், பரவாயில்ல, மதிய நேரமாப் போங்க. ஓட்டிக் காட்ட முடியாதுன்னு சொன்னா வேற கடையைப் பாருங்க.

அந்த அக்காவோட மெஷினை விக்க முடியாது, யாரும் வாங்க மாட்டாங்க. ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டுக் குடுத்திருக்கேன், ஆன் ஆகுறதுக்கு மூணு நிமிஷம் ஆனது இப்ப அரை நிமிஷத்துல ஆகுது, ஸ்கேன் வேலையை சமாளிச்சுருவாங்க. எதுத்த கடை வேகம் வராது, அதை அவங்ககிட்ட மறைக்காமச் சொல்லிட்டேன். அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ப்ராசசர் நம்பரை ஒரே ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாங்கன்னா அந்த 18,000 தப்பிச்சிருக்கும். நீங்களாவது அனுப்புங்க, எனக்கு இல்லன்னாலும் உங்களுக்குத் தெரிஞ்ச எந்த சர்வீஸ்காரருக்காவது அனுப்புங்க, பார்த்துச் சொல்ல ரெண்டு நிமிஷம் கூட ஆகாது, நான் காசும் வாங்குறதில்ல.