பேடுக்கு அடியில் புதைந்த தாழி

கவிதை வாசிப்பு, நினைவுக் குறிப்பு, கடிதம் என்று பேச்சைப் பதிந்து, அதன் கீழே மெல்லிய சூழலிசையை ஓடவிடும் முயற்சிகள் இப்போது என்னிடம் மிக்ஸிங்குக்கு, அதாவது குரலையும் இசையையும் அளவாகக் கலக்க, நிறைய வருகின்றன. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு இளம் கவிஞர் வந்திருந்தார். குரலுக்கு அடியில் சுருதிபோல விடாமல் நீளும் மின்னணு ஒலி (சிந்தசைஸர் பேட்), கொஞ்சம் மழை, எங்கோ தூரத்தில் பியானோ. இரண்டு இரவு உட்கார்ந்து முடித்தோம், இருவருக்கும் முழுத் திருப்தி. மறுநாள் அவர் தன் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினார். அறுபத்தெட்டு வயதுக்காரர். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தாலிய எதுக்குப்பா மண்ணுல புதைக்கிறாங்க?" என்றாராம்.

கவிதையில் இருந்தது தாழி. முதுமக்கள் தாழி. கவிதையே அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது.

அப்பாவின் காதைக் குறை சொல்லலாம். ஆனால் தவறு என் பக்கம்தான். அந்த வரியை அதற்குள் நான் ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். வரி மனப்பாடமான பிறகு, காதில் விழாததையும் மனசே நிரப்பிக்கொள்கிறது. எழுதியவருக்கும் அப்படித்தான். அந்த அறையில் அதை முதல் தடவையாகக் கேட்ட ஆள் ஒருவர்கூட இல்லை.

பேச்சின் பலம் உயிரொலிகளில் இருக்கிறது, அது கீழ் அதிர்வெண்களில் திரள்கிறது. எந்த மெய் என்று காட்டிக்கொடுக்கும் நுணுக்கங்களோ பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரைக்குள். ழகரத்துக்கு நாக்கு வளையும்போது குரலின் மூன்றாம் ஒத்ததிர்வு (வாய்க்குள் வலுப்பெறும் மூன்றாவது அதிர்வெண்) நன்றாகக் கீழே இறங்கும். லகரத்தில் அப்படி இறங்காது. விடாமல் ஒலிக்கும் பேட் ஒன்று அந்த இடத்தை அடைத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் மூழ்கிவிடும். குரலுக்கு நீண்ட ரிவெர்பும், அதாவது பெரிய கூடத்தில் பேசியதுபோல் நீளும் எதிரொலிப்பும், போட்டால், முந்தைய உயிரொலியின் வால் அடுத்த மெய்யின் மேல் படிகிறது. வயதாகும்போது காது முதலில் இழப்பது மேல் அதிர்வெண்களை. தாழி தாலியானதில் ஆச்சரியமே இல்லை.

வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ த்ரீ சி அமைப்பு 2008-இல் வெளியிட்ட, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல்தன்மை நெறிகளின் மிகக் கடுமையான நிலையில், பின்னணி ஒலி பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபெல் தாழ்ந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. காதுக்கு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு சத்தம். கலைப் படைப்புக்கு இது ரொம்பக் கறார் என்று நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். நியாயம்தான். பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1967-இல் கனடிய வானொலிக்குச் செய்த, கனடாவின் வடபுலம் பற்றிய நிகழ்ச்சியில் பல குரல்களை வேண்டுமென்றே ஒன்றின் மேல் ஒன்றாக ஓடவிட்டார். அங்கே சொல் கரைவது அவர் எடுத்த முடிவு. எங்கள் தாழி அப்படி யாரும் முடிவெடுத்துக் கரைந்ததல்ல.

எனக்கு வழிகாட்டி 1964-இல் பிபிசி வானொலிக்காக நாடக எழுத்தாளர் பாரி பெர்மாஞ்சும் மின்னணு இசைக் கலைஞர் டெலியா டெர்பிஷையரும் செய்த கனவுகள் பற்றிய நிகழ்ச்சி. சாதாரண மனிதர்கள் தங்கள் கனவுகளைச் சொன்ன பதிவுகளை வெட்டி, ஓட்டம், வீழ்ச்சி, நிலம், கடல், நிறம் என்று அடுக்கி, மின்னணு ஒலிகளோடு கோத்தார்கள். திரும்பத் திரும்ப வரும் வாக்கியங்கள், நடுவே இடைவெளிகள். அந்த இடைவெளிகளைத்தான் நாம் பயந்துபோய் பேடால் நிரப்பிவிடுகிறோம்.

சரி, மறுபடி உட்கார்ந்தோம். பேடில் 2,000 ஹெர்ட்ஸைச் சுற்றி ஐந்து டெசிபெல் குறைத்தோம். குரலில் ரிவெர்பை எடுத்துவிட்டு, வரி முடிகிற இடங்களில் மட்டும் வைத்தோம். தாழி வருவதற்கு அரை விநாடி முன்பே இசையை முழுதாக நிறுத்தினோம். இதற்கு அந்தத் தம்பி லேசில் சம்மதிக்கவில்லை. அப்புறம் அப்பாவிடம் போனது. "எந்த ஊர்த் தாழி, ஆதிச்சநல்லூரா?" என்று கேட்டிருக்கிறார்.

இப்போது என்னிடம் வருகிறவர்களிடம், கவிதையைப் படித்தே இராத, ஐம்பது வயது தாண்டிய ஒருவரைக் கேட்கவைத்துவிட்டு வாருங்கள் என்கிறேன். ஹெட்போனில் வேண்டாம், போன் ஸ்பீக்கரில். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வெளியிடும்போது குரல் மட்டும் உள்ள இன்னொரு பதிப்பையும் கவிதையின் எழுத்து வடிவத்தையும் கூடவே வையுங்கள். இசை டிராக்குகளை மியூட் செய்து இன்னொரு முறை எக்ஸ்போர்ட் எடுக்க ஐந்து நிமிடம் போதும்.