அடுப்பில்லாத சாலட்: நாம் தவறவிடும் கவனம்

கத்திரி வெயில் தொடங்கினால் போதும், "அடுப்படியில நிக்காம சாப்பிட ஏதாவது சொல்லுங்க மேடம்" என்று கேட்டு வருபவர்கள் அதிகமாகிவிடுவார்கள். உணவியல் ஆலோசகராக நான் முதலில் சொல்வது சாத்துக்குடி, பன்னீர், வெள்ளரி சேர்ந்த சாலட்டைத்தான். சாத்துக்குடியைப் பிழிந்து குடித்தால் நார்ச்சத்து சக்கையோடு போய்விடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சாறைவிடச் சுளைதான் நல்லது.

இருவருக்கு இரண்டு சாத்துக்குடி, ஒரு வெள்ளரி, ஒரு கேரட், பாதி குடைமிளகாய், 100 கிராம் பன்னீர் போதும். சாத்துக்குடித் தோலைக் கத்தியால் சீவுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும், அதையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். கிண்ணத்துக்கு மேலே வைத்துச் சுளை பிரித்தால் வழியும் சாறு வீணாகாது. அதில் மிளகுத்தூள், ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், கொத்தமல்லி சேர்த்துக் கலக்குங்கள். நறுக்கிய காய்களைப் பத்து நிமிடம் ஐஸ் தண்ணீரில் போட்டு வடித்தால் மொறுமொறுப்பாக இருக்கும். உப்பு மட்டும் சாப்பிடும்போதுதான். முன்பே போட்டால் வெள்ளரி நீர் விட்டுவிடும்.

செய்முறை அவ்வளவுதான். ஆனால், கிருமியைக் கொல்ல இங்கே கொதி கிடையாது. அதனால் கழுவுவதில் அவசரம் காட்டாதீர்கள்.

முட்டைக்கோஸ் சேர்ப்பவர்கள் பலருக்கும் 'புழு மூளைக்கு ஏறிவிடும்' என்ற பயம் உண்டு. நாம் கண்ணால் பார்க்கும் பச்சைப் புழு அதைச் செய்யாது. பன்றி நாடாப்புழுவின் முட்டைகள், அந்தப் புழு குடலில் உள்ள மனிதரின் மலத்தோடு வெளியேறுகின்றன. சாக்கடை கலந்த நீர் பாய்ந்த தோட்டத்துக் காய்களில் அவை ஒட்டியிருக்கலாம். உடலுக்குள் போனால் மூளைவரை சென்று வலிப்பை உண்டாக்கக்கூடும். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை அவை. உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் செத்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். கோஸின் வெளி இலைகளை வீசிவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். எந்தக் காயையும் நறுக்குவதற்கு முன்பே கழுவ வேண்டும். கடைசி அலசலுக்குக் குடிக்கிற தண்ணீர்தான் வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கோஸைப் பச்சையாகத் தரவே வேண்டாம், வதக்கியே கொடுங்கள் என்பேன்.

அடுத்தது பன்னீர். குளிர்ச்சி இல்லாமல் கடையில் திறந்து வைத்திருப்பதை வாங்காதீர்கள். ஒரு லிட்டர் பாலைக் கொதிக்க வைத்து எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்தால், வீட்டிலேயே 150 முதல் 200 கிராம் வரை கிடைக்கும். சாலட்டைக் கலந்த பிறகு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. நம்ம ஊரில் மே மாதம் முழுக்க அந்த ஒரு மணி நேரக் கணக்குதான். காலையில் டப்பாவில் அடைத்து மதியம் அலுவலகத்தில் சாப்பிடுபவர்கள், ஐஸ் பேக் வைத்த பையில் எடுத்துப் போங்கள்.

இன்னொன்று, சாத்துக்குடிக்குப் பதில் பம்பளிமாஸ் அல்லது கிரேப்ஃப்ரூட் (திராட்சை அல்ல, சாத்துக்குடி வகைப் பழம்) போடுபவர்களுக்கு. கொழுப்புக்கான அடோர்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடின், ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் ஆகியவற்றைக் குடலில் உடைக்கும் நொதியைக் கிரேப்ஃப்ரூட் முடக்குகிறது. அதனால் மருந்து ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறும். பம்பளிமாஸிலும் அதே வகைப் பொருள்கள் உண்டு. தினமும் மாத்திரை எடுப்பவர்கள், இந்தப் பழங்களை வாங்கும் முன் மாத்திரைச் சீட்டை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டிக் கேட்டுவிடுங்கள்.