காற்றில் 20.9 காட்டினால் மீற்றர் சரி என்று யார் சொன்னது?

வெள்ளவத்தையில் ஒரு வீடு. அம்மாவுக்கு ஒட்சிசன் கொன்சன்ட்ரேட்டர் (அறைக் காற்றில் இருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தரும் மெஷின்) ஓடிக்கொண்டே இருக்கிறது, விரலில் மாட்டிப் பார்த்தால் இரத்தத்தில் ஒட்சிசன் அளவு ஏறவில்லை. அதற்குச் சற்று முன்தான் ஒரு பொடியன் வந்து, மெஷின் தரும் வாயுவில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று மீற்றரில் அளந்து, “82.6 இருக்கு அன்ரி, பிரச்சினை இல்லை” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். சான்றிதழ் உள்ள ஒட்சிசன் சிலிண்டரில் என் மீற்றரைத் திருத்திவிட்டு அதே மெஷினில் வைத்தேன். 80. உலக சுகாதார ஸ்தாபனம் இந்த மெஷின்களுக்கு வைத்திருக்கும் கீழெல்லை 82.

பொடியனுக்குப் போன் எடுத்தேன். “மீற்றரை எதில் வைத்துத் திருத்தினீங்கள் தம்பி?” “பல்கனியில் பிடிச்சு 20.9க்கு வைச்சனான் அண்ணை.” எல்லா இடத்திலும் இதே பதில்தான் வருகிறது. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

20.9 என்பது உலர்ந்த காற்றில் உள்ள ஒட்சிசன் வீதம். கொழும்புக் காற்று எப்போது உலர்ந்திருந்தது? வெப்பம் 30 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்றால் காற்றில் 3 வீதத்துக்கு மேல் நீராவிதான். ஒட்சிசனுக்கு மிஞ்சுவது 20.2 அளவில். அந்தக் காற்றைக் காட்டி ‘இதுதான் 20.9’ என்று மீற்றருக்குச் சொல்லிக்கொடுத்தால், அதன்பிறகு எதை அளந்தாலும் அதே விகிதத்தில் கூட்டியே சொல்லும். காற்றில் வித்தியாசம் ஒன்றுகூட வராது, யாரும் கவனிக்க மாட்டார்கள். உலர்ந்த வாயு தரும் கொன்சன்ட்ரேட்டரில் வைத்தால் இரண்டரைக்கு மேல் ஏறிவிடும். 80 எப்படி 82.6 ஆனது என்று இப்போது விளங்கும். நுவரெலியாவுக்கு அதே மீற்றரைக் கொண்டுபோனால் எதிர்ப்பக்கம் போகும். மீற்றருக்குள் இருக்கும் சென்சர் அளப்பது ஒட்சிசனின் அழுத்தத்தை, மலையில் காற்றழுத்தம் குறைவு, அதனால் அங்கே காற்றில் 17 அளவில்தான் காட்டும்.

சென்சர் பழையது என்றால் கதை வேறு. காற்றில் 21 ஒழுங்காகக் காட்டும், 90க்கு மேல் போகச் சக்தி இருக்காது. நல்ல மெஷினைப் பழுது என்று சொல்லி, பாகம் மாற்றக் காசு வாங்குவது இப்படித்தான் நடக்கிறது. அரிசி மூட்டை நிறுக்கும் தராசை உப்புப் பொட்டலம் வைத்துச் சரிபார்த்தால் என்ன தெரியும்? 90ஐ அளக்கப் போகிறீர்கள் என்றால் 100க்குப் பக்கத்தில் திருத்துங்கள்.

அந்த 100ஐ இன்னொரு கொன்சன்ட்ரேட்டரில் இருந்து எடுக்காதீர்கள்! புத்தம் புதிய மெஷினும் 100 தராது. மெஷினுக்குள் நைதரசனைப் பிடித்துக்கொள்ளும் சியோலைட் என்ற பொருள், காற்றில் கொஞ்சமாக இருக்கும் ஆகன் வாயுவைப் பிடிக்காமல் ஒட்சிசனோடு விட்டுவிடுகிறது. அதனால் 95, 96 தான் உச்சம். 93 வரும் மெஷினில் வைத்து 100 என்று திருத்திய மீற்றர், 80ஐ 86 என்று சொல்லும். கொன்சன்ட்ரேட்டரில் 99 காட்டினால் மெஷினைப் பாராட்ட வேண்டாம், மீற்றரைச் சந்தேகியுங்கள்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. சான்றிதழும் காலாவதித் திகதியும் உள்ள சிலிண்டரை எடுங்கள். சான்றிதழில் 99.5 என்றால் 99.5க்கே திருத்துங்கள், 100க்கு அல்ல. வாயுவை மெதுவாக விடுங்கள், மறுபக்கம் வெளியேற வழி இருக்கட்டும், அடைத்தால் அழுத்தம் கூடி அளவு பொய்யாகும். எண் அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள், அவசரப்பட்டு பட்டனை அமுக்காதீர்கள். அப்புறம் காற்றில் பிடித்துப் பாருங்கள். ஏசி அறையில் 20.6 அளவில் வந்தால் சரி. மீற்றர் பூச்சியம் காட்டுகிறதா என்று பார்க்க ஒட்சிசன் கலக்காத நைதரசன் இருந்தால் இன்னும் நல்லது. நோயாளியின் மெஷினில் அளக்கும்போது தண்ணீர்ப் போத்தலைக் கழற்றிவிட்டு, நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் என்று டொக்டர் சொன்ன ஓட்டத்திலேயே அளந்து பாருங்கள். சிலிண்டர் வாயில் எண்ணெய், கிறீஸ் படவே கூடாது. சாமி விளக்கு எரியும் அறையில் அதைத் திறக்கவும் கூடாது.

வீட்டுக்காரர்களே, அளக்க வருபவரிடம் “எதில் வைத்துத் திருத்தினீங்கள்?” என்று கேளுங்கள். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். மீற்றர் என்ன சொன்னாலும், அம்மாவுக்கு மூச்சு முட்டினால் உடனே டொக்டருக்குப் போன் எடுங்கள், மெஷினைப் பிறகு பார்க்கலாம்.