மலைச் சுரங்கச் சாலையில் புகையின் வேகம்

நீண்ட மலைச் சுரங்கச் சாலைக்குள் வண்டி ஓட்டுவதைப் பலர் அஞ்சினாலும், விபத்து நிகழும் வாய்ப்பை மட்டும் கணக்கிட்டால் அது திறந்தவெளிச் சாலையை விடப் பொதுவாக மோசமானதல்ல. உள்ளே மழையோ பனியோ இல்லை, குறுக்குச் சாலைகள் இல்லை, இரவும் பகலும் ஒரே வெளிச்சம். மோதல்கள் அதிகம் நிகழ்வது நுழைவாயிலை ஒட்டிய பகுதியில்தான். வெயிலில் இருந்து திடீரென இருளுக்குள் வரும் கண் பழகுவதற்குச் சில நொடிகள் ஆகும் என்பதால், அங்கே விளக்குகளை மிகப் பிரகாசமாக வைத்து, உள்ளே போகப் போகப் படிப்படியாக ஒளியைக் குறைக்கிறார்கள். நடுப்பகுதியின் சிக்கல் வேறு: சலிப்பு. நார்வேயில் 2000-இல் திறக்கப்பட்ட 24.5 கிலோமீட்டர் நீளமுள்ள லேர்டால் சுரங்கத்தில், ஓட்டுநரின் கவனம் மழுங்காமல் இருப்பதற்காகவே நீல ஒளியூட்டப்பட்ட மூன்று பெரிய குகைகளை இடையிடையே குடைந்திருக்கிறார்கள்.

ஆனால் பொறியாளர்கள் உண்மையில் அஞ்சுவது, எப்போதோ ஒருமுறை நேரும் தீயைத்தான். ஒரு கார் எரிந்தால் வெளிப்படும் வெப்பம் சில மெகாவாட் அளவில் இருக்கும். சரக்கேற்றிய லாரி எரிந்தால் அது நூறு மெகாவாட்டைத் தாண்டக்கூடும். லாரியில் இருப்பது பெட்ரோலோ வெடிபொருளோ ஆக இருக்க வேண்டியதில்லை. நார்வேயில் கைவிடப்பட்ட ரூனேஹமார் சுரங்கத்தில் 2003-இல் மரச்சட்டங்கள், பிளாஸ்டிக், அறைகலன்கள் போன்ற சாதாரணச் சரக்குகளை எரித்துப் பார்த்தபோது, வெப்ப வெளியீடு ஏறத்தாழ 200 மெகாவாட் வரை உயர்ந்தது.

இவ்வளவு பெரிய தீயிலும் பெரும்பாலானோரைக் கொல்வது சுடரல்ல, புகை. எரியும் வண்டியில் இருந்து எழும் சூடான புகை முதலில் கூரையை ஒட்டிப் படலமாகப் பரவுகிறது. அதன் கீழே தலை உயரத்தில் சிறிது நேரம் நல்ல காற்று மிஞ்சியிருக்கும். ஆனால் சுவர்களிடம் வெப்பத்தை இழந்து குளிரக் குளிரப் புகை கனத்துக் கீழே இறங்குகிறது. ஆகவே தீயில் இருந்து சில நூறு மீட்டர் தள்ளி நிற்பவர்களைச் சுற்றித் திடீரெனப் புகை சூழ்ந்துவிடலாம். இருட்டில் தடுமாறி நடக்கும் ஒருவர் நொடிக்கு ஒரு மீட்டர் கடப்பதே கடினம். புகையோ நொடிக்குப் பல மீட்டர் நகரக்கூடியது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு சில நிமிடங்களில் நினைவிழக்கச் செய்துவிடும்.

ஆகவே, புகையை எந்தப் பக்கம் அனுப்புவது என்பதே காற்றோட்ட அமைப்பின் முதற்கேள்வி. ஒருவழிச் சுரங்கத்தில் விடை எளிது: கூரையில் தொங்கும் விசிறிகள் வண்டிகள் செல்லும் திசையிலேயே காற்றைத் தள்ளினால், தீக்கு முன்னால் இருப்பவர்கள் ஓட்டிக்கொண்டே வெளியேறிவிடுவார்கள், பின்னால் நின்றுபோனவர்களுக்கு நல்ல காற்று கிடைக்கும். அந்தக் காற்றின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் இருக்க வேண்டும். குறைந்தால் கூரையை ஒட்டிய புகை காற்றை எதிர்த்துப் பின்னோக்கி ஊர்ந்து வரும். இருவழிச் சுரங்கத்தில் இந்த உத்தி எடுபடாது, ஏனெனில் தீயின் இரு பக்கமும் மனிதர்கள் சிக்கியிருப்பார்கள். அங்கே காற்றோட்டத்தைக் கூடியவரை அடக்கி, தீக்கு அருகிலுள்ள கூரைத் திறப்புகள் வழியாகப் புகையை உறிஞ்ச வேண்டும். மலையின் இரு பக்கமும் வானிலை வேறுபட்டால், அந்த அழுத்த வேறுபாடே உள்ளே காற்றை வீசச் செய்து இந்தக் கணக்கைக் குலைத்துவிடும்.

பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் 11.6 கிலோமீட்டர் நீளமுள்ள மோன் பிளான் சுரங்கத்தில் 1999 மார்ச் 24 அன்று நடந்தது இதன் கொடிய எடுத்துக்காட்டு. மாவும் மார்கரின் என்ற வெண்ணெய் போன்ற கொழுப்பும் ஏற்றிய லாரி ஒன்று நடுவழியில் தீப்பிடித்தது. சுரங்கத்தின் இரு பாதிகளையும் இரு நாடுகளின் கட்டுப்பாட்டு அறைகள் தனித்தனியே இயக்கின. இத்தாலியப் பக்கத்தில் இருந்து புகையை உறிஞ்சுவதற்குப் பதிலாகக் காற்று செலுத்தப்பட்டதால், புகை பிரெஞ்சுப் பக்கம் நின்றிருந்த வண்டிகளை நோக்கித் தள்ளப்பட்டது. 53 மணி நேரம் எரிந்த அந்தத் தீயில் 39 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தங்கள் வண்டிக்குள்ளேயோ அதன் அருகிலேயோ கிடந்தனர். 2002-இல் மீண்டும் திறக்கப்பட்டபோது கட்டுப்பாடு ஒரே தலைமையின் கீழ் வந்தது. புகலிட அறைகள் சாலைக்கு அடியில் வெளியேறும் பாதையுடன் இணைக்கப்பட்டன. இப்போது அங்கே ஓடும் வண்டிகளுக்கிடையே 150 மீட்டர் இடைவெளி கட்டாயம். இது மோதலைத் தவிர்ப்பதற்காக மட்டுமல்ல, ஒரு வண்டியின் தீ அடுத்த வண்டிக்குத் தாவாதிருக்கவும்தான்.

சுவிட்சர்லாந்தின் 16.9 கிலோமீட்டர் கோத்தார்டு சுரங்கத்தில் 2001 அக்டோபர் 24 அன்று இரு லாரிகள் மோதியெரிந்து 11 பேர் இறந்தபோதும், சாலைக்கு இணையாகக் குடையப்பட்டிருந்த பாதுகாப்புச் சுரங்கம் பலரைக் காப்பாற்றியது. பின்னாளில், எஞ்சினோ பிரேக்கோ மிகையாகச் சூடேறிய லாரிகளை வெப்ப உணரிகளால் கண்டறிந்து, வாயிலிலேயே நிறுத்தும் ஏற்பாடும் அங்கே வந்தது. என் பார்வையில், விலையுயர்ந்த விசிறிகள் எல்லாவற்றையும் விட அறிவார்ந்த முதலீடு இதுதான்.

எந்த அமைப்பானாலும் முதல் சில நிமிடங்கள் ஓட்டுநரின் கையில்தான் இருக்கின்றன. சொந்த வண்டியில் தீப்பிடித்தால், இயன்றவரை நிற்காமல் வெளியே ஓட்டிச் செல்வதே நல்லது. முன்னால் புகை தெரிந்தால் வண்டியைத் திருப்பவோ பின்னோக்கி ஓட்டவோ கூடாது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்து, மீட்புப் படையினர் நகர்த்த வசதியாகச் சாவியை வண்டியிலேயே விட்டு, பொருள்களை எடுக்க நேரம் கடத்தாமல் இறங்கிவிட வேண்டும். கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு உள்ளே அமர்ந்திருப்பது பாதுகாப்பாகத் தோன்றினாலும், கார் புகையைத் தடுக்காது. கைபேசியை விடச் சுவரிலுள்ள அவசரத் தொலைபேசி மேலானது; அழைப்பவர் எங்கே நிற்கிறார் என்பது கட்டுப்பாட்டு அறைக்கு உடனே தெரிந்துவிடும். பிறகு பச்சை விளக்குக் குறிகளைப் பின்பற்றிச் சுவரோரமாக அருகிலுள்ள வாசலுக்கு நடக்க வேண்டும். புகை நுழையாதபடி அந்த வாசலுக்கு அப்பால் காற்றழுத்தம் சற்று அதிகமாக வைக்கப்பட்டிருக்கும் என்பதால், கதவு எளிதில் திறக்காவிட்டால் பூட்டியிருப்பதாக எண்ணித் திரும்பிவிடாமல் பலமாகத் தள்ளிப் பார்க்க வேண்டும்.