மவுஸுக்கு ஸ்டிக்கர் இருக்கிறது, ரவுட்டர் செட்டிங்குக்கு?

திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கம் நான் கம்ப்யூட்டர், நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் கடை, மருத்துவமனை, கல்லூரி எதில் கேட்டாலும் ஒரு எக்ஸெல் ஷீட்டைக் காட்டுவார்கள். மவுஸ் முதல் பிரின்டர் வரை நம்பர், வாங்கிய தேதி, பில் தொகை எல்லாம் இருக்கும். ஆடிட்டருக்கு அது போதும். ஆனால் காலையில் பில்லிங் நின்றுபோனால் நமக்கு வேண்டியது ரவுட்டரில் எந்த போர்ட் (நெட்வொர்க் போக்குவரத்துக்கான வாசல்) திறந்திருக்கிறது, யார் திறக்கச் சொன்னது, அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்பதுதான், அது அந்த ஷீட்டில் இருக்காது.

"அப்ப எல்லாத்தையும் எழுதிருங்க தம்பி" என்பார் கடைக்கார அண்ணாச்சி. எல்லாவற்றையும் எழுதினால் யாரும் புதுப்பிக்க மாட்டார்கள், சீக்கிரமே பட்டியல் பொய்யாகிவிடும், அதை நம்பி ராத்திரியில் ஒருவர் தப்பான சர்வரை அணைப்பார்.

நான் கேட்பது இதைத்தான்: இந்தப் பொருள் சொல்லாமல் மாறினால் யார் வேலை நிற்கும்? கீபோர்டு மாறினால் ஒன்றுமில்லை, விட்டுவிடலாம். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டா ஃபோல்டரை ஒருவர் வேறு டிரைவுக்கு மாற்றிவிட்டால், பேக்கப் சாஃப்ட்வேர் பழைய ஃபோல்டரையே தினமும் காப்பி எடுத்து 'வெற்றி' என்று பச்சை காட்டிக்கொண்டிருக்கும், டிஸ்க் போகிற அன்றைக்குத்தான் விஷயம் தெரியும். அது கட்டாயம் பட்டியலில் வர வேண்டும், ஒருவர் சரி சொல்லாமல் மாறவும் கூடாது. சிலதுக்குக் கண்காணிப்பே போதும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால் எந்தெந்த கம்ப்யூட்டரில் அது இன்னும் ஓடுகிறது என்று தெரிந்தால் சரி, ஒவ்வொன்றையும் மாற்ற அனுமதிக் கடிதமெல்லாம் வேண்டாம்.

கையில் தொட முடியாததைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். டொமைன், அதாவது வெப்சைட்டின் பெயர், யாருடைய ஜிமெயிலில் பதிவாகியிருக்கிறது? வேலையை விட்டுப் போன பையனுடையதாக இருக்கும். வெப்சைட்டைப் பாதுகாப்பானது என்று பிரவுசர் நம்ப உதவும் எஸ்.எஸ்.எல். சான்றிதழ் அதிகபட்சம் 398 நாள் செல்லும் என்றிருந்தது, 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027-ல் 100, 2029-ல் 47 என்று குறைகிறது, இனி வருஷத்துக்கு ஒரு தடவை டைரி பார்க்கிற பழக்கம் உதவாது. லாக்குகளை, அதாவது கம்ப்யூட்டர்கள் தாமே எழுதிவைக்கும் நடவடிக்கைப் பதிவுகளை, 180 நாள் வைத்திருக்கச் சொல்லி மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலிலேயே உத்தரவு போட்டுவிட்டது, லாக் எங்கே சேமிக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் எது எதை நம்பி ஓடுகிறது என்ற விவரம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது தரைத்தளத்தில் சர்வர் வைத்திருந்தவர்களுக்கு எழுந்த கேள்வி, எந்தப் பெட்டியை முதலில் மாடிக்குத் தூக்குவது என்பதுதான். எல்லாம் ஒரே கறுப்புப் பெட்டிதானே! ரிசப்ஷனும் லேபும் எந்த சர்வரில், அது எந்த யூ.பி.எஸ்.ஸில், எந்த ஸ்விட்ச் வழியாக என்று எழுதியிருந்தால் வாட்ச்மேனிடம் போனில் சொல்லியே தூக்க வைக்கலாம்.

முதலில் பில்லிங்கை மட்டும் எடுத்து, அதிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக எழுதுங்கள், ஒரு பக்கம் வந்தால் போதும். ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பாள் பெயர் வேண்டும். ரவுட்டர், ஃபயர்வால் செட்டிங்கைத் தேதி போட்டு எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள், அடுத்த மாதம் ஒப்பிட்டால் யாரோ கைவைத்தது தெரிந்துவிடும். இதையெல்லாம் அந்த சர்வரிலேயே மட்டும் சேமிக்காமல் ஒரு பிரின்டும் எடுத்து மேனேஜர் மேஜையில் வையுங்கள்.