மெலோடிகா கீபோர்டு இல்லீங்க, ஊதுற வாத்தியம்

இந்த வாரமும் ஒரு மெலோடிகா சர்வீஸுக்கு வந்துச்சு, பியானோ மாதிரி கட்டைய அமுக்கிக்கிட்டே வாயால ஊதி வாசிக்கிற சின்ன வாத்தியம். மூடியைக் கழட்டினா, காத்துல அதிர்ந்து சத்தம் குடுக்குற தகடுங்க, அதாவது ரீடெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கு, ரெண்டு கட்டையில சத்தமே இல்ல. உள்ள சேர்ற தண்ணிய ஒரு தடவைகூட வெளிய விட்டதில்லையாம், "கீபோர்டுதானே சார், இதுல ஏது தண்ணி"ங்கிறாரு புள்ளையோட அப்பா. எத்தனை பேருக்குத்தான் இதையே சொல்றது!

கட்டை இருந்தா கீபோர்டு ஆயிடுமா? 1950கள்ல ஜெர்மனிக்கார ஹோனர் கம்பெனி கொண்டுவந்த வாத்தியம் இது, யமஹாவுல பியானிக்கா, சுசுகியில மெலோடியன்னு பேரு. ஹார்மோனியம் மாதிரியே உள்ள உலோக ரீடுதான், ஆனா ஹார்மோனியத்துக்குத் துருத்தியில இருந்து காஞ்ச காத்து போகுது, இதுக்கு உங்க வாய்க்காத்து, ஈரமும் எச்சிலுமா போகுது.

சத்தம் பத்தலைன்னா புள்ளைங்க கட்டையைப் போட்டுக் குத்துதுங்க, சில டீச்சருங்களே "நல்லா அமுக்கு"ன்னு சொல்றாங்க. அய்யா, கட்டை காத்துக்கு வழி விடுற கதவு மட்டும்தான், எவ்வளவு பலமா அமுக்கினாலும் சத்தம் ஏறாது. சத்தம் கூடுறது குறையுறது எல்லாம் மூச்சுல. மெதுவா ஊதினா மெதுவா, அழுத்தி ஊதினா பெருசா. அதுக்காக மூச்சைப் புடிச்சு ஊதித் தள்ளாதீங்க, சுருதி இறங்கிடும், ரீடும் சீக்கிரம் களைச்சுப் போகும். ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கணும்னா நாக்கால "து து"ன்னு வெட்டி ஊதுங்க. மூணு கட்டைய சேர்த்துப் புடிச்சா காத்து கூடத்தான் செலவாகும், மூச்சு எடுக்குற இடத்தை முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க.

வாசிக்கிறதுக்கு முன்னாடி வாய் கொப்பளிங்க, ஜூஸ் குடிச்ச வாயோட ஊதவே ஊதாதீங்க. வாசிச்சு முடிச்சதும் தண்ணி விடுற பட்டனை அமுக்கிக்கிட்டு, எந்தக் கட்டையையும் தொடாம ஊதுங்க, துணிய வச்சுத் துடைங்க. ட்யூபையும் மவுத்பீஸையும் மட்டும் கழட்டி சோப்புத் தண்ணியில கழுவிக் காய வைங்க, முழு வாத்தியத்தையும் குழாயடியில புடிச்சுட்டு என்கிட்ட தூக்கிட்டு வராதீங்க. வெயில்ல நிக்கிற கார்லயும் வைக்காதீங்க.

யூடியூப் பாத்து பிளேடால ரீடைச் சுரண்டுறவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க. நுனியில சுரண்டினா சுருதி ஏறும், அடியில சுரண்டினா இறங்கும், கொஞ்சம் கூடிப்போனா அந்த ரீடையே மாத்தணும்.

கடைசியா ஸ்கூல்காரங்களுக்கு. ஒரே மவுத்பீஸை வகுப்பு முழுக்க மாத்தி மாத்தி ஊத விடாதீங்க, சளி இருமல் அப்படியே பரவும். மவுத்பீஸும் ட்யூபும் தனியாவே விக்குது, ஆளுக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்க.